பூட்டியவர் சொன்னது

...முதலில் அந்த டிஷ்யூ பெட்டியை எடுத்துத் தூர வைக்க வேண்டும், யார் கொண்டுவந்து வட்டத்துக்கு நடுவில் வைத்தது, சார்தான், வேறு யார், வருஷா வருஷம் இந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் அலமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டி இறங்கும், சுற்றி நாற்காலிகள், நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் பூப்போட்ட அட்டைப் பெட்டி, வாயில் ஒரு தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, வாங்க, உட்காருங்க, அழுங்க, எல்லாம் தயார் என்பதுபோல. இத்தனை வருஷத்தில் அதிலிருந்து தாள் உருவியவர்கள் ஜலதோஷம் பிடித்தவர்கள் மட்டும்தானாம். எழுந்து போய் எடுத்துவிடலாமா என்று நினைத்தாள், எடுத்தால் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர்கள் அதையும் குறித்துக்கொள்வார்கள், வழிநடத்துபவர் பெட்டியை அகற்றினார், ஏன்... மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாளும், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திருகித் திருகி மூடும் மனிதரும். நிதி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறார்கள். இவர்கள் தலையை ஆட்டினால் சமாதான ஆய்வு மையத்துக்கு அடுத்த இயக்குநர் அவள். ஆட்டாவிட்டால் வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவருவார்கள். சார் ஓய்வு பெறுகிறார், அவர்களுக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஆரம்பிங்க என்று கண்ணால் சொன்னார், அந்தக் கண்ணில் கனிவு வேறு.

ஆரம்பித்தாள். வாய் தானாகப் பேசியது, பாவம் நல்ல வாய், எத்தனை கருத்தரங்கில் பழகிய வாய், இது ஒரு பாத்திர நடிப்புப் பயிற்சி, நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது, சம்பந்தப்பட்டவர்களின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன, அ தரப்பு, ஆ தரப்பு, முதல் பாதியில் இரண்டு தரப்பும் நடந்ததைச் சொல்வார்கள், தேநீருக்குப் பிறகு இரண்டாம் பாதியில் ஒருவருக்கொருவர் பேசுவார்கள், மன்னிப்பு என்ற இடத்துக்கு வர முடிகிறதா என்று பார்ப்போம். அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன. போட்டோ ஸ்டுடியோவைத் தையல் கடையாக மாற்றியிருக்கிறார்கள். பேக்கரியைச் சைக்கிள் கடையாக. தம்பியை என்னவாக மாற்றியிருக்கிறார்கள், அ-வின் சகோதரர். அவ்வளவுதான், அ-வின் சகோதரர், அவனுக்கென்று ஒரு எழுத்துகூட மிச்சமில்லை, உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தானே தரப்பு, செத்தவனுக்கு எதற்கு. இந்த மாணவர்களில் ஒருவருக்கும் தெரியாது அந்த அ இதோ எதிரே கழுத்தில் அடையாள அட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று. சுவரோரம் இருப்பவர்களுக்கும் தெரியாது. சாருக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் அவள் விடுப்பு போட்டுவிடுவாள். சார் நடத்துவார். சாருடைய கண்டுபிடிப்பு இது, எத்தனையோ பல்கலைக்கழகங்களில் இதை எடுத்து நடத்துகிறார்கள், பூட்டிய கடை என்று சொன்னாலே இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். போன வாரம் கூப்பிட்டு, இந்தத் தடவ நீங்க நடத்துங்கம்மா என்றார். எதுக்கு சார், வேற கேஸ் எவ்வளவோ இருக்கே என்றாள். இல்லம்மா, நீங்க நடத்தினா அதுவே ஒரு செய்தி, வர்றவங்ககிட்ட நான் அப்புறமா சொல்லுவேன், அந்த அ யாருன்னு, அவங்க ஆடிப்போயிடுவாங்க என்றார். அதாவது என்ன... கடைசியில் திரையை விலக்கிக் காட்டுவதுபோல அவளைக் காட்டுவார், பாருங்கள், தம்பியைப் பறிகொடுத்தவள் நடுவில் உட்கார்ந்து நடுநிலை வகிக்கிறாள், கண்ணில் பொட்டு நீரில்லை, நம் மையத்தின் சாதனை. சர்க்கஸில் புலியை முக்காலிமேல் உட்கார வைத்துக் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், புலிக்காவது உறும அனுமதி உண்டு. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். இயக்குநர் பதவி வேண்டுமா வேண்டாமா, வேண்டும், ஏன் வேண்டாம், இத்தனை வருஷம் இந்த வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு அதுகூட இல்லையென்றால் எப்படி.

அ-வாக நடிக்கும் பெண் தொடங்கிவிட்டாள். வகுப்பில் அவளுக்கு மைக் என்று பெயர், மெதுவாகப் பேசத் தெரியாது, இன்று அதையும் மீறி அழத் தொடங்கினாள், என் தம்பி, என் ஒரே தம்பி என்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் இப்படியா அழுதேன். அழவேயில்லை. சாருடைய பழைய அறையில், மேஜையில் டேப் ரெக்கார்டர் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் சீப்பைப் பற்றிப் பேசினாள், எதற்கு சீப்பைப் பற்றி என்று இப்போதும் தெரியாது, ஸ்டுடியோவில் கண்ணாடி பக்கத்தில் ஒரு சீப்பு, பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் தலைவாரிக்கொண்டு அப்படியே பாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று தம்பி அதை நூலில் கட்டி ஆணியில் மாட்டியிருந்தான், நூல் குட்டை, அதனால் எல்லோரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கழுத்தைச் சாய்த்துத் தலைவார வேண்டும், வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள், பக்கத்து பேக்கரிக்காரன் மட்டும் தினமும் வந்து அந்தச் சீப்பில்தான் தலை வாருவான், இருக்கிற நாலு முடிக்கு உனக்கு எதுக்குய்யா ஓசிச் சீப்பு என்பான் தம்பி, நாலு முடிங்கறதாலதான் கவனமா பாத்துக்கறேன் என்பான் அவன்... இதைச் சொல்லிக்கொண்டே போனாள், டேப் தீரும்வரை. சார் குறுக்கே பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், அப்போது அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. அச்சாகி வந்தபோது சீப்பு இல்லை. கற்றலுக்கு அது தேவைப்படவில்லை.

மைக் இப்போது பூட்டுக்கு வந்துவிட்டாள். கடைத்தெருவில் கலவரம் வருகிறது, கூட்டம் வருகிறது, எல்லோரும் கதவை இறக்குகிறார்கள், என் தம்பி உள்ளே வேலையில் இருந்தான், வெளியிலிருந்து ஒருவர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார்... உள்ளே வேலையில். இருட்டறையில். தம்பி இருட்டறைக்குள் போனால் போனதுதான், படம் கழுவும்போது கதவைத் திறந்தால் எல்லாம் வெளுத்துவிடும் என்று வெளியே இடி விழுந்தாலும் வரமாட்டான், அம்மாகூடச் சொல்வாள், இவன் கல்யாணத்தன்னிக்கும் தாலி எடுத்துக் கொடுக்கற நேரத்துல இருட்டறைக்குள்ள இருப்பான் என்று. கல்யாணம். ஷட்டரில் எப்போதும் பூட்டு திறந்தபடி கொக்கியில் தொங்கும், அழுத்தினால் பூட்டிக்கொள்கிற பூட்டு, சாவி வேண்டாம் பூட்டுவதற்கு, திறப்பதற்குத்தான் வேண்டும், சாவி தம்பியின் பாக்கெட்டில். எதிர் மாடியிலிருந்து மருந்துக்கடைக்காரர் பார்த்தார், பேக்கரிக்காரன் ஷட்டரை இழுத்து இறக்கியதையும் பூட்டை அழுத்தியதையும் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியதையும். அவன் அந்தப் பக்கத்து ஆள். இவர்கள் இந்தப் பக்கம். அந்தத் தெருவில் அதுவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் பூட்டிய கடை, திறந்த கடை என்றெல்லாம் பார்க்கவில்லை, வரிசையாகக் கொளுத்திக்கொண்டே போனது. தம்பி புகையில் போனான், தீ அவனை அவ்வளவாகத் தொடவில்லை என்று சொன்னார்கள், அதை ஒரு நல்ல சேதிபோலச் சொன்னார்கள். அந்த வாரமே பேக்கரிக்காரன் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை.

நீங்கள் சொல்ல வருவது என்று அவள் வாய் மைக்கிடம் பேசியது, உங்களுக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது, அது எப்படி நேர்ந்தது என்பதில் விடை கிடைக்காத கேள்விகள் இருக்கின்றன, சரியா. மைக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி மேடம் என்றாள். இதுதான் தொழில். ஒருவர் கொதிக்கக் கொதிக்கச் சொல்வதை வாங்கி, சூட்டை எடுத்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் திருப்பிக் கொடுப்பது. கொன்னுட்டான் என்று கொடுத்தால் இழப்பு என்று திரும்பி வரும். சண்டாளன் என்று கொடுத்தால் மறுதரப்பினர். சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல மடிப்பு கலையாமல் வரும், போட்டது நம் துணிதானா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும். இதை அவள் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறாள், பரீட்சை வைத்து மதிப்பெண் போடுகிறாள்.

ஆ தரப்பு பேசலாம் என்றாள். ஆ-வாக உட்கார்ந்திருந்தவன் சட்டம் படித்துவிட்டு இங்கே வந்தவன், வகுப்பில் வக்கீல் என்று கூப்பிடுவார்கள், எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பான். தாளைக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடமாக, நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: 'பூட்டிய கடையை விட்டுவிட்டுக் கூட்டம் போய்விடும் என்று நம்பினேன். அச்சூழலில் எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அவரைக் காப்பாற்றவே பூட்டினேன்.'

இதோ. வந்துவிட்டது. இந்த மூன்று வாக்கியங்களோடுதான் அவள் இத்தனை வருஷமும் குடும்பம் நடத்தியிருக்கிறாள், கட்டிய புருஷனோடுகூட இவ்வளவு பேசியதில்லை, அந்த மனுஷனும் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, உன் தலைக்குள்ள எனக்கு எடம் இல்ல, அங்க ஏற்கனவே ஒருத்தன் உக்காந்திருக்கான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். குளிக்கும்போது அந்த வாக்கியங்களோடு சண்டை போட்டாள், காப்பாத்தவா, காப்பாத்தறவன் எதுக்குடா ஓடினே, ஓடுறதுக்கு முன்னால ஒரு குரல் கொடுக்கக் கூடாதா, ஏ ஸ்டுடியோ, உள்ளயே இரு, வெளிய பூட்டறேன் என்று ஒரு வார்த்தை, ஷட்டரைத் தட்டி ஒரு தட்டு... பஸ்ஸில் போகும்போது சில நாள் நம்பினாள், பயத்தில் மனுஷனுக்கு எது தோன்றும் எது தோன்றாது, தினமும் வந்து தலைவாரியவன், சூடான பன்னைக் காகிதத்தில் சுற்றி ஷட்டர் இடுக்கில் டீயோடு வைத்துவிட்டுப் போகிறவன். ஏ ஸ்டுடியோ, டீ ஆறுது என்று கத்துவானாம், தம்பி சாப்பிடும்போது அதைச் சொல்லிக்காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பான். நம்பாத நாளில் அவனைக் கொன்றாள், நம்பிய நாளில் மன்னித்தாள், கடைசியில் மன்னித்தபடியே ஒரு பெரிய கருத்தரங்கில் எழுந்து நின்று, பூட்டிய கடை அதுதான் என்று மட்டும் சொல்லாமல், அவர் சொன்னதை நான் நம்பத் தேர்ந்தெடுக்கிறேன் என்று பேசினாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பேச்சுதான் கட்டுரையாகி, கட்டுரைதான் முனைவர் பட்டமாகி, பட்டம்தான் வேலையாகி, இதோ இந்த நாற்காலி. அம்மா வரவில்லை அந்தக் கருத்தரங்குக்கு. வீட்டுக்கு வந்து சொன்னபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைக்காமல் கேட்டாள், அந்த ஆளு வந்து உங்கிட்ட சொன்னானா? எங்கிட்ட இல்லம்மா, சார்கிட்ட சொல்லியிருக்கான். ஓ, சார்கிட்ட, என்றாள் அம்மா. அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த ஓ-வில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போது யோசிக்க நேரமில்லை, மறுநாள் விமானம்.

தேநீர் இடைவேளை. தாழ்வாரத்தில் நீள மேஜை, வெள்ளைத் துணி, கொதிகலன், கிரீம் பிஸ்கட். ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள், பரவாயில்லை, பாதி தாண்டியாயிற்று. வக்கீல் வந்து பக்கத்தில் நின்றான்.

"மேடம், ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"இந்த சைக்கிள் கடைக்காரரு... அவரு பேசற மாதிரியே இல்ல மேடம். எந்தக் கடைக்காரரு அச்சூழலில்னு பேசுவாரு? பஞ்சர் ஒட்டறவர்கிட்ட போய் ஏன்யா லேட்டுன்னு கேட்டா அச்சூழலில்னு ஆரம்பிப்பாரா?"

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. "எழுத்துல கொண்டுவரும்போது மாத்தியிருப்பாங்கப்பா."

"அதான் மேடம், மாத்தாத பதிவு இருந்தா கேக்கலாம்ல. டேப் இருக்கும்ல? அவரு நிஜமா எப்படிச் சொன்னாரு, எங்க நிறுத்தினாரு, தடுமாறினாரா... அது தெரிஞ்சா ரெண்டாம் பாதி நல்லா பண்ணலாம். இப்ப என்னால அந்த ஆள நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல."

என் இத்தனை வருஷ வேலையை இவன் ஒரே காலையில் செய்துவிட்டான் என்று நினைத்தாள். சார்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்றாள். ஏன் அவளுக்கே இது தோன்றவில்லை, டேப் இருக்கும், அவள் பேசிய டேப் இருப்பதுபோல அவன் பேசிய டேப்பும் இருக்கும், எங்கேயோ ஒரு அலமாரியில் அவன் குரல் இருக்கிறது, அதைக் கேட்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லையே, பயமா... சார் மேஜையோரம் தனியாக நின்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நல்லா போகுதும்மா, அசரவே இல்ல நீங்க, அந்தம்மா பக்கம் பக்கமா எழுதறாங்க என்றார்.

"சார், அந்த ஆ தரப்பு டேப் எங்க இருக்கு? பையன் கேக்கறான்."

"எந்த டேப்?"

"பேக்கரிக்காரர நீங்க பேட்டி எடுத்த டேப்."

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் கரண்டியைத் தேடினார். "அந்தப் பக்கம் டேப்பெல்லாம் இல்லம்மா. அப்ப இருந்த நெலமையில அங்க யாரு போறது, எந்த ஊருன்னே தெரியாது. ஆனா ஒரு பக்கம் மட்டும் இருந்தா கேஸ் நிக்காதுல்ல, பசங்க எதவச்சு பேசுவாங்க. அதான் கட்டமைச்சோம். அந்த மாதிரி நெலமையில இருக்கறவங்க என்ன சொல்லுவாங்க, மத்த எடத்துலயெல்லாம் என்ன சொல்லியிருக்காங்கன்னு பாத்து... எல்லாரும் செய்யறதுதானே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"நீங்க அவரப் பாக்கவே இல்லையா சார்?"

"பாக்கல. ஆனா நியாயமாதான் எழுதியிருக்கேன், அவருக்குச் சாதகமாவே."

அவருக்குச் சாதகமாகவே. கொதிகலன் மூடி டகடகவென்று ஆடியது. யாரோ மாணவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அச்சான தாளை நீட்டியபோது இவர் என்ன சொன்னார், அந்தப் பக்கமும் கேட்டாச்சும்மா என்றா, அந்தப் பக்கமும் வந்தாச்சும்மா என்றா... வந்தாச்சு. வந்தாச்சு என்றுதான். எங்கேயிருந்து வந்தது, இந்தத் தலைக்குள்ளிருந்து, இந்தப் பிஸ்கட் நனைக்கிற தலைக்குள்ளிருந்து, ஒரு மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மூன்று வாக்கியம் எழுதி ஊதி ஆறவைத்திருக்கிறார். அதை அவள் மன்னித்தாள். அரங்கமே கைதட்டும்படி மன்னித்தாள். யாரை மன்னித்தாள், இவரையா, இவருடைய நடையையா. அவ்வளவு நாள் குளியலறையில் யாரோடு சண்டை போட்டாள். முகத்தில் என்ன தெரிந்ததோ, சார் கோப்பையை வைத்துவிட்டுக் குரலை இறக்கினார், அந்தக் குரல், துறைக்கே அவர் கற்றுக்கொடுத்த குரல்.

"நீங்க ஏமாத்தப்பட்ட மாதிரி உணர்றீங்க. எனக்குப் புரியுதும்மா."

"உணரல சார். ஏமாந்திருக்கேன்."

"அந்தக் கோபம் நியாயமானது. அதுக்கு ஒரு எடம் கொடுப்போம். இன்னிக்கு முடியட்டும், நாளைக்கு நாம உக்காந்து..."

"திருப்பிச் சொல்லாதீங்க சார். நான் சொல்றத எனக்கே திருப்பிச் சொல்லாதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன்."

சொல்லும்போது குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கே அதிசயம், பக்கத்தில் பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள், கொள்ளிக்கட்டையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டக் குறிப்பு வாசிக்கும் அளவுக்கு. மணி அடித்தது. சார் அவள் தோளருகே கையைக் கொண்டுவந்து, தொடாமல், உள்ள போலாம்மா, அவங்க காத்திருக்காங்க என்றார். போகாமல் இருக்கலாம். கழுத்து அட்டையைக் கழற்றி அந்தத் தேநீருக்குள்ளேயே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போகலாம். போய் என்ன செய்வது, வேறு எந்த வேலை தெரியும் அவளுக்கு, இந்தத் துறையைத் தவிர எதில் இவ்வளவு கோபத்தை வைத்திருப்பவளுக்குச் சம்பளம் கொடுப்பார்கள். போனாள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன, எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள், சுவரில் ஒட்டிய சார்ட்டில் அவள் கையெழுத்தில் விதிகள், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம், தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இங்கே பேசப்படுவது இங்கேயே இருக்கட்டும்.

இரண்டாம் பாதி. அ-வும் ஆ-வும் நாற்காலியை நேருக்கு நேர் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மைக் தயாராக ஒரு டிஷ்யூவை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள், முதல் முறையாக ஜலதோஷம் இல்லாத ஒருத்தி. தாளில் அடுத்து வரவேண்டியது ஆ-வின் வாக்கியம், என் நோக்கம் நல்லதாக இருந்தாலும் விளைவுக்கு நான் பொறுப்பேற்கிறேன், அது வந்தால் அ விம்முவாள், பிறகு ஒரு மௌனம், பிறகு அ மன்னித்தேன் என்று சொல்லுவாள், சார் முடிவுரை சொல்லுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள், அப்போது திரை விலகும், இதோ நிஜ அ. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இரு," என்றாள்.

வழிநடத்துபவர் குறுக்கிடக் கூடாது. சார் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"அதச் சொல்லாத. அது தாள்ல இருக்கறது. அவரு சொன்னது இல்ல."

வக்கீல் தாளையும் அவளையும் பார்த்தான். "டேப் கெடச்சுதா மேடம்?"

"டேப் இல்ல. யாரும் போய் அவரக் கேக்கல. முதல் பாதியில நீ சொன்னதும் அவரு சொன்னது இல்ல. பூட்டினாரு, அது ஒருத்தர் பாத்தது. ஓடினாரு, அதுவும் பாத்தது. அவ்வளவுதான் இருக்கு."

மைக் கையிலிருந்த டிஷ்யூவை மடித்தாள். வக்கீல் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சின்னப் பையன்போல, உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

"அப்ப நான் என்ன மேடம் சொல்லணும்?"

"தெரியாது," என்றாள்.

இந்த அறையில் இந்தச் சொல்லை அவள் சொன்னதேயில்லை. சுவரோரம் பேனா கரகரவென்று ஓடியது, அந்த அம்மாள்தான், பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, என்ன ஒரு உத்தி பாருங்க என்று கிசுகிசுத்தது கேட்டது, அவர் பாட்டில் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். தலை ஆடிவிட்டது. ஆகவே பதவி கிடைத்துவிடும். இதற்கும் கிடைக்கும், எதற்கும் கிடைக்கும், எழுந்து நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தாலும் உத்தி என்று எழுதிக்கொள்வார்கள், எங்கே முட்டினாலும் பஞ்சு, இந்தக் கட்டடத்தில் முட்டிக்கொள்ள ஒரு சுவர் கிடையாது. சாருக்கு எந்த ஊர் என்று தெரியாதாம். அவளுக்குத் தெரியும். பஸ் நிலையத்தைத் தாண்டியதும் வளைவில் பழைய பெயரிலேயே அவனுடைய பேக்கரிப் பலகை, மஞ்சளில் சிவப்பு எழுத்து, கல்லாவில் ஒரு வழுக்கைத் தலை, தினமும் வேலைக்கு வரும் வழி அது, முதலில் பார்த்த நாளிலிருந்து பஸ்ஸில் எதிர்ப்பக்க ஜன்னலில்தான் உட்காருகிறாள். ஒரு நாளும் இறங்கியதில்லை. ஏன் இறங்க வேண்டும், அவன்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றே, காப்பாற்றவே பூட்டினேன், அழகாக, ஒற்றெழுத்துப் பிசகாமல்... அந்தத் தாள் பொய் என்று ஒருநாளாவது சந்தேகப்பட்டிருந்தால் இறங்கியிருக்க வேண்டும். சந்தேகப்படாமல் இருந்தது யாருக்கு வசதி.

வக்கீல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது கொடுக்க வேண்டும் அவனுக்கு, ஆ-வின் வாயில் வைக்க அவன் வாயிலிருந்தே வந்த ஏதாவது ஒன்று, தாளில் இல்லாதது, சார் எழுதாதது. தேடினாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏ ஸ்டுடியோ, டீ ஆறுது. காதில் தெளிவாகக் கேட்டது, கொஞ்சம் மூக்கால், கடைசியில் இழுத்து, ஆறுதூ என்று. அப்பாடா, இது அவன் குரல்தான், இதையாவது யாரும் கட்டமைக்கவில்லை என்று நினைத்தாள், நினைத்து முடிப்பதற்குள், அவள் எப்போது கடைத்தெருவில் அந்த பேக்கரிப் பக்கம் போனாள், எப்போது அவன் கத்திக் கேட்டாள், ஒரு தடவைகூட இல்லையே, இது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைச் சிரிக்க வைக்கத் தம்பி செய்துகாட்டிய குரல்.